இரண்டாவது தடவை

எஸ்தர் டீச்சர் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களுக்கு உணவும் விருந்தோம்பலும் சொல்லிக் கொடுத்தார்.

அவருடைய அறை பள்ளிக்கூடத்தின் கடைசிக் கட்டடத்தில் இருந்தது. பாதி சமையலறை, பாதி சாப்பாட்டு அறை. சாப்பாட்டு அறையில் ஒரு நீள மேஜை, அதன்மேல் வெள்ளைத் துணி. துணியில் மஞ்சள் கறை பட்டால், சிந்தியவள்தான் துவைக்க வேண்டும்.

ஒருநாள் பரிமாறும் பாடம் நடந்தது.

"இடது பக்கம் நின்னு பரிமாறணும். வலது பக்கம் நின்னு தட்டை எடுக்கணும். மேல கை படக்கூடாது. சொந்தக் கதை பேசக்கூடாது. சாப்பிடுறீங்களான்னு ஒரு தடவை கேக்கணும். வேண்டாம்னா விட்டுரணும்."

"ஒரு தடவைதானா டீச்சர்?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"ஒரு தடவைதான். வந்தவங்க வார்த்தைக்கு மரியாதை கொடுக்கணும்."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள். "எங்க மாமா நாலு தடவை கேட்டாத்தான் செருப்பையே கழட்டுவாரு டீச்சர்."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார்.

"அப்போ உங்க மாமா இங்க பட்டினிதான். இந்த மேஜைக்கு வந்துட்டா மாமாவும் கிடையாது, மச்சானும் கிடையாது. அம்மாவா இருந்தாலும் மேடம். அப்பாவா இருந்தாலும் சார். நாளைக்கு நீங்க வேலைக்குப் போற ஓட்டல்ல சொந்தக்காரங்களா வந்து உக்காரப் போறாங்க?"

"எங்கப்பாவ சார்னு கூப்பிட்டா பயந்து எந்திரிச்சு ஓடிருவாரு டீச்சர்."

"கூப்பிட்டுப் பாரு. முதுகை நிமித்தி உக்காருவாரு."

உலகம்மாள் சிரிக்கவில்லை. இடது, வலது, ஒரு தடவை என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண் அவள். ஒரு கரண்டி மாவு என்றால் மேலே விரலால் வழித்துச் சமமாக்கிய கரண்டி.

செய்முறைத் தேர்வு வந்தது. ஒவ்வொரு பெண்ணும் ஒரு விருந்தாளியை அழைத்து வர வேண்டும். அவருடைய உடம்புக்கு எது தேவையோ அதைச் சமைக்க வேண்டும். டீச்சர் பின்னால் நின்று மார்க் போடுவார்.

"உன் விருந்தாளி யாரு?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒரு பால் கொடுக்கிற தாய் டீச்சர்" என்றாள் உலகம்மாள்.

"நல்லது" என்றார் டீச்சர். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்தத் தாய் உலகம்மாளின் அக்கா. பெயர் பிரமசக்தி, வீட்டில் பிரமு. பத்தாவதோடு படிப்பை விட்டுத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனவள். உலகம்மாளின் பள்ளிக்கூடப் பை, சைக்கிள், செருப்பு எல்லாம் அவள் சம்பளத்தில் வந்தவை. பிறகு அவள் சங்கரன்கோவிலில் தறி ஓட்டும் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர் வேறு சாதி. வீட்டில் கேட்காமல் நடந்த கல்யாணம்.

"இனி இந்த வீட்டுல அவ கை நனைக்கப்படாது" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கத்தில் பகை என்றால் அதுதான். ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை. பகை தீர்வதும் அதில்தான். ஒரு வாய் சாப்பிட்டு எழுந்துவிட்டால், அதற்குப் பிறகு யாரும் பழையதைப் பேச மாட்டார்கள்.

குழந்தை பிறந்த சேதி வந்தபோது அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மொதல்ல அவ நம்ம வீட்டுக் கையால ஒரு வாய் சாப்பிடட்டும். அப்புறம் வரட்டும்" என்றார்.

"வீட்டுக்குள்ள வந்தாத்தான சாப்பிட முடியும்?" என்றாள் அம்மா.

"அது எனக்குத் தெரியாது."

உலகம்மாளுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் வீடு இல்லை. ஆனால் கை அவளுடைய கை. விருந்தாளியை அழைக்கச் சொன்ன அன்றே போன் போட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். "என்ன சமைக்கப் போற?" என்று அக்கா கேட்டாள்.

"சொல்ல மாட்டேன். வந்து சாப்பிடு."

"உப்பைக் கொட்டிருவட்டி நீ."

"கொட்டுனாலும் சாப்பிடணும்."

"சரி. வாரேன்" என்றாள் அக்கா.

தேர்வன்று உலகம்மாள் முருங்கைக்கீரை வதக்கினாள். தட்டாம்பயறு போட்டுக் குழம்பு வைத்தாள். கேழ்வரகில் களி, நெல்லிக்காய்ப் பச்சடி, கருப்பட்டி போட்ட பாசிப்பருப்புப் பாயசம். இரும்புச்சத்து எவ்வளவு, சுண்ணாம்புச்சத்து எவ்வளவு என்று டீச்சர் கேட்கக் கேட்கச் சொன்னாள். டீச்சர் ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"உப்பும் புளியும் சரியா நிக்குது" என்றார்.

அக்கா வெயிலோடு வந்து சேர்ந்தாள். தோளில் குழந்தை தூங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு உலகம்மாள் பார்க்காத ஒரு பச்சைச் சேலை கட்டியிருந்தாள். முகம் ஒட்டிப் போயிருந்தது.

"வணக்கம் மேடம். உக்காருங்க" என்றாள் உலகம்மாள்.

அக்கா திரும்பிப் பின்னால் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஏட்டி, நான்தாம்ட்டி."

உலகம்மாள் கண்ணைக் காட்டினாள். சுவரோரம் டீச்சர் மார்க் போடும் அட்டையோடு நின்றிருந்தார். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

உலகம்மாள் தட்டை வைத்தாள். இடது பக்கம் வந்து நின்றாள்.

"சாப்பிடுறீங்களா மேடம்?"

அக்கா மேஜையிலிருந்த பாத்திரங்களைப் பார்த்தாள். கீரையைப் பார்த்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்மா. வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

உலகம்மாளின் வாய் திறந்தது. அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் அட்டையில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சரிங்க மேடம்" என்றாள் உலகம்மாள்.

வலது பக்கம் வந்து தட்டை எடுத்தாள். சத்தம் வரவில்லை.

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். டம்ளரில் தண்ணீர் இருந்தது. அதையும் தொடவில்லை. குழந்தை சிணுங்கியதும் எழுந்தாள்.

"வாரேன்."

"வந்ததுக்கு நன்றி மேடம். மறுபடியும் வாங்க" என்றாள் உலகம்மாள். அதுவும் பாடத்தில் இருந்தது.

அக்கா போன பிறகு டீச்சர் மற்றப் பெண்களைக் கூப்பிட்டார்.

"பாத்தீங்களா? இப்படித்தான் கேக்கணும். முகத்துல ஒரு சுளிப்பு கிடையாது, ஒரு கெஞ்சல் கிடையாது."

அந்தச் சாப்பாட்டை ஆபீஸ் கிளார்க் வந்து சாப்பிட்டார். பாயசத்தை அவரே கேட்டு இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் அம்மா தெருமுனையிலேயே காத்து நின்றாள்.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டுட்டேன்னு சொன்னா."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

அம்மா அவளையே பார்த்தாள். "சரின்னியா? அவ்வளவுதானா? கையப் பிடிச்சு உக்கார வைக்கலியா?"

"மேல கை படக்கூடாதும்மா."

"யாரு மேல?"

பேசிக்கொண்டே இருவரும் வீட்டு வாசலுக்கு வந்திருந்தார்கள். வீட்டுக்குள் அப்பா கட்டிலில் படுத்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அவளுக்கு வேண்டாம். விடு" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அக்கா போனை எடுக்கவில்லை. ஒருதடவை அக்கா வீட்டுக்காரர் எடுத்தார். "அவ வேலையா இருக்காம்மா" என்றார். பின்னால் குழந்தை அழுதது. யாரோ அதைத் தட்டிக் கொடுக்கிற சத்தமும் கேட்டது.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். உலகம்மாள் மட்டும் மேஜைத்துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன உலகம்மா, வீட்டுக்குப் போகலியா?"

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"வேண்டாம்னு சொன்னவங்ககிட்ட எத்தனை தடவை கேக்கணும்?"

"அதான் சொல்லியிருக்கேனே. ஒரு தடவை."

"ரெண்டாவது தடவை கேட்டா மார்க் குறையுமா?"

"குறையும்."

"எவ்வளவு டீச்சர்?"

"ஒரு மார்க்" என்றார் டீச்சர்.

உலகம்மாள் துணியை மேஜைமேல் வைத்தாள். அதன்மேல் தலையை வைத்தாள். அவள் அழுது டீச்சர் பார்த்ததில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தீப்பெட்டி ஆபீசைச் சொன்னாள். அப்பா சொன்னதைச் சொன்னாள். அந்தப் பச்சைச் சேலைக்காரி யார் என்று சொன்னாள்.

"அக்கா என் முகத்தைப் பாத்தா டீச்சர். நான் உங்க முகத்தைப் பாத்தேன்."

வராந்தாவில் பெருக்குகிற சத்தம் கேட்டது. அது நின்றும் போனது.

"மார்க்கைக் குறைச்சிருங்க டீச்சர்" என்றாள் உலகம்மாள்.

"குறைச்சா அவ வந்துருவாளா?"

"அப்போ நான் என்ன செய்யட்டும்?"

"சனிக்கிழமை அம்மாகிட்ட சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வா" என்றார் டீச்சர்.

சனிக்கிழமை இரண்டு பேரும் சங்கரன்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"காலைல சாப்பிட்டியா?"

"இல்ல டீச்சர். அக்கா வீட்டுல சாப்பிடலாம்னு வந்துட்டேன்."

"நானும் சாப்பிடல" என்றார் டீச்சர்.

வெளியே சோளக்காடு ஓடியது. உலகம்மாள் கேட்டாள்.

"நீங்க ஏன் டீச்சர் ஒரு தடவைன்னு சொல்லிக் கொடுத்தீங்க?"

"எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. ஒரு பெரிய ஓட்டல்ல. அங்க பசிச்சவங்க பசிக்குதுன்னு சொன்னாங்க."

"நம்ம ஊர்ல சொல்ல மாட்டாங்களா டீச்சர்?"

டீச்சர் சன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். வாழைப்பழச் சீப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

அக்கா வீடு ஒற்றை அறை. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடியது. பேசுவதைக் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"வாங்க டீச்சர்" என்றாள் அக்கா. தங்கையைப் பார்த்து, "வா" என்றாள்.

குழந்தை பாயில் கிடந்தது. உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் தாவணி நுனியைப் பிடித்து வாயில் வைத்தது. தாத்தாவின் மூக்கு அதற்கு. உலகம்மாள் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றதைப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டாள்.

"சாப்பிடுங்க டீச்சர். சோறு வடிச்சு இப்பதான் இறக்குனேன்."

"இருக்கட்டும்மா. சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்" என்றார் டீச்சர்.

உலகம்மாள் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள்.

"அதெப்படி டீச்சர், பஸ்ல வந்த ஆளு சாப்பிட்டுட்டு வருவீங்க? உக்காருங்க."

"இல்லம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்?"

"என்ன சிரமம்? எங்க வீட்டுல கை நனைக்க மாட்டீங்களோ?"

"ஐயோ, அப்படி இல்லம்மா."

"அப்படி இல்லன்னா எந்திரிங்க" என்று அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். டீச்சரின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் ஊற்றினாள்.

டீச்சர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். சுண்டைவற்றல் குழம்பு, அவித்த முட்டை. அவரைப் போதும் போதும் என்று சொல்ல விடாமல் அக்கா சோறு போட்டாள். டீச்சர் தட்டின்மேல் கையை மறித்தபோது, விரல்களுக்கு நடுவே குழம்பை ஊற்றினாள்.

"பள்ளிக்கூடத்துல இவ்வளவு சாப்பாடு போட மாட்டீங்கல்ல டீச்சர்?" என்றாள்.

டீச்சர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அன்னைக்கு அவ பின்னால நின்னது நான்தாம்மா."

"தெரியும் டீச்சர். உங்க மேல எனக்கு என்ன கோவம்? நீங்க வெளி ஆளு."

"உங்கப்பா சொன்னது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன்."

"பிறகு ஏன்ம்மா சாப்பிடல? கேட்டாளே."

அக்கா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"யாரோ மேடத்தைக் கேட்டா டீச்சர். என்னைக் கேக்கல."

சுவருக்கு அப்பால் தறி நின்றது. யாரோ நூல் அறுந்துவிட்டது என்றார்கள். மறுபடி ஓடத் தொடங்கியது.

அக்கா தட்டடுக்கிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். தங்கைக்கு முன்னால் வைத்தாள். பிறகு அவளுக்கு இடது பக்கம் வந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க சாப்பிடுறீங்களா?"

அக்கா தன்னை நீங்க என்று சொல்லி உலகம்மாள் கேட்டதில்லை. குழந்தை தாவணியை விடாமல் இழுத்தது. வயிறு காந்தியது. வாயிலிருந்து வந்தது வேறு.

"வேண்டாம்க்கா. சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

டீச்சரின் கை தட்டிலேயே நின்றது.

அக்கா தங்கையையே பார்த்தாள். உலகம்மாள் தலையைத் தூக்கவில்லை.

"சரிங்க" என்றாள் அக்கா.

வலது பக்கம் வந்து தட்டை எடுத்தாள்.

டீச்சர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அதற்கு நேரமாயிற்று. அந்த நேரம் முழுக்க அக்கா அடுப்புப் பக்கம் முகத்தை வைத்து நின்றிருந்தாள். எடுத்த தட்டு அவள் கையிலேயே இருந்தது. அடுக்கிலும் வைக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை. உலகம்மாள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒருதடவை கேட்பாள் என்று இருந்தது அவளுக்கு.

அக்கா திரும்பவில்லை.

டீச்சர் கை கழுவிவிட்டு வந்தார். வாழைப்பழத்தைக் குழந்தையின் பக்கத்தில் வைத்தார். உலகம்மாள் தாவணி நுனியைக் குழந்தையின் கையிலிருந்து மெல்ல விடுவித்தாள். ஈரமாக இருந்தது.

"வாரேன்க்கா."

"ம்" என்றாள் அக்கா. தட்டு அப்போதும் கையில்தான் இருந்தது.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. டீச்சர் சன்னலோரம் உட்கார்ந்தார். உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிக்கெட் எடுத்தார்கள். கடைவீதி போயிற்று. கோவில் கோபுரம் போயிற்று. ஊர் முடிந்து சோளக்காடு தொடங்கியது.

டீச்சர் கம்பியைப் பிடித்திருந்தார். அவர் விரல்களில் அக்கா வைத்த குழம்பின் வாசனை இருந்தது. சின்ன வயசிலிருந்து உலகம்மாளுக்குத் தெரிந்த வாசனை.

"டீச்சர்."

"ம்."

"எனக்குப் பசிக்குது டீச்சர்."

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அதை என்கிட்ட ஏன்ம்மா சொல்லுத?"